கிட்ஹப் பயிற்சி: ஞாயிறு காலை 10 மணி

நண்பர்களே, வணக்கம். வருவதற்கு முன் மடிக்கணினியில் கிட் நிறுவி, கிட்ஹப்பில் இலவசக் கணக்கும் தொடங்கிவிடுங்கள்.

இரண்டும் ஒன்றல்ல. கிட் என்பது கோப்புகளில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் மென்பொருள். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதி) வேலைக்காக எழுதியது. இணையம் இல்லாமலும் நம் கணினியில் ஓடும். அதில் சேரும் கோப்புகளையும் வரலாற்றையும் இணையத்தில் வைத்துப் பலர் சேர்ந்து வேலை செய்யும் இடம்தான் கிட்ஹப்.

புதியவர்கள் அதிகம் திணறுவது முதல் புஷ்ஷில், அதாவது நம் கணினியில் இருப்பதைக் கிட்ஹப்புக்கு அனுப்பும்போது. டெர்மினல் (கட்டளைகளை அடிக்கும் திரை) கடவுச்சொல் கேட்கும், சரியாக அடித்தாலும் ஏற்காது. 2021 ஆகஸ்டிலிருந்தே அங்கே கணக்கின் கடவுச்சொல் செல்லாது. டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கிட்ஹப்பில் உருவாக்கும் ரகசியக் குறியீடு) அல்லது எஸ்எஸ்எச் சாவி (நம் கணினியில் உருவாக்கி, நம்மை அடையாளம் காட்டும் கோப்பு) வேண்டும். சாவியை வகுப்பிலேயே உருவாக்கிக்கொள்ளலாம்.

டோக்கனைக் கோப்புக்குள் எழுதி கமிட் செய்துவிடாதீர்கள் (கமிட் என்றால் மாற்றத்தைக் கிட் வரலாற்றில் பதிவது). அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய வரலாற்றில் அப்படியே கிடக்கும். தப்பித்தவறிப் போய்விட்டால் முதலில் டோக்கனை ரத்து செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பிராஞ்ச் (மூலத்தைத் தொடாமல் மாற்றம் செய்யத் தனிக் கிளை), புல் ரிக்வெஸ்ட் (அந்த மாற்றத்தை மூலத்தில் சேர்க்கக் கேட்பது) இரண்டையும் ஆளுக்கொரு வரி திருத்தியே பழகுவோம். கமிட் குறிப்பில் வெறும் "அப்டேட்" என்று எழுதுபவருக்கு டீ கிடையாது!

வருபவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் உங்கள் கிட்ஹப் பயனர் பெயரை இங்கே போடுங்கள். பயிற்சி ரெப்போவில் (கிட்ஹப்பில் நம் கோப்புகள் இருக்கும் களஞ்சியம்) சேர்த்துவிடுகிறேன். அழைப்பு மின்னஞ்சலில் வரும், ஏற்க மறக்காதீர்கள்.