சேலம் பழைய நகரப் பகுதியின் சீரமைப்பில் குடியிருப்போரின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
கோட்டை, முதல் அக்ரஹாரம், இரண்டாவது அக்ரஹாரம், சின்னக்கடை வீதி, செவ்வாய்ப்பேட்டை, குகை ஆகிய பகுதிகளில் குடியிருப்போரும் தொழில் செய்வோரும்,
சேலம்.
(கையொப்பப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.)

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
சேலம் மாநகராட்சி,
சேலம் – 636 001.

பொருள்: நகரின் நடுப்பகுதியைச் சீரமைத்தல் – திருமணிமுத்தாற்றில் கழிவுநீர் கலப்பதைத் தடுத்தல் – கடைவீதிகளில் இரவு நேர வசதிகள் – பகுதி சபையில் (வார்டின் ஒரு பகுதியில் வாழ்வோர் கூடிப் பேசும் கூட்டத்தில்) கருத்துக் கேட்டு முடிவெடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

சேலம் நகரின் நடுப்பகுதியில் தலைமுறைகளாகக் குடியிருந்தும் தொழில் செய்தும் வரும் நாங்கள், எங்கள் ஊரின் மீது விழுந்திருக்கும் கெட்ட பெயரைப் பற்றியும், அதைப் போக்குவதற்கென்று செய்யப்படும் சீரமைப்புப் பணிகளைப் பற்றியும் எங்களுக்குள் நீண்ட காலமாகப் பேசி வருகிறோம். அந்தப் பேச்சில் ஒத்துப்போன கருத்துகளும் உண்டு, இன்னும் தீராத கருத்து வேறுபாடுகளும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் தங்கள் முன் வைப்பதே முறை என்று கருதி இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

ஊருக்குள் வீடு என்று சொன்னால் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். வாடகைக்கு வருவோர் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் கிடைக்காதா என்று கேட்கிறார்கள். கிச்சிப்பாளையத்தில் வளர்ந்த இளைஞர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியைச் சொல்லக் கூசுகிறார்கள். சாக்கடை நாற்றம், நெரிசல், குடித்துவிட்டுச் செய்யும் தகராறு, இருட்டிய பின் பெண்கள் நடக்க அஞ்சும் தெருக்கள் ஆகிய இவைதாம் சேலத்து டவுன் என்று வெளியே சொல்லப்படுகின்றன. இது எவ்வளவு உண்மை என்பதில்தான் எங்களுக்குள் முதல் வாதம் எழுந்தது.

மிகைப்படுத்தப்பட்ட பெயர் என்போரிடம் நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. மாவட்டத்துக்கும் மாநகருக்கும் ஒரே பெயர் இருப்பதால், ஆத்தூரில் நடந்த குற்றமும் மேட்டூரில் நடந்த குற்றமும் 'சேலத்தில்' என்ற தலைப்பிலேயே வெளியாகின்றன. 1990-களில் பெண் சிசுக்கொலையால் இந்த மாவட்டத்துக்கு ஏற்பட்ட அவப்பெயரும் அப்படியே ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கொடுமையை அன்றைய அரசு மூடி மறைக்கவில்லை. இருப்பதை இருப்பதாக ஏற்று, தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் இந்த மாவட்டத்திலேயே தொடங்கியது. ஊருக்கு வந்த பழியை மறுத்துப் பேசுவதைவிட, பழிக்குக் காரணமானதை வெளிப்படையாக எதிர்கொள்வதே பலன் தரும் என்று எங்களில் மூத்தவர்கள் வாதிடுவதற்கு அது ஓர் ஆதாரம். நாங்களும் அந்த வழியையே வேண்டுகிறோம்.

இதுவரை நடந்துள்ள பணிகளை நாங்கள் நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். 2016-இல் சீர்மிகு நகரங்களின் பட்டியலில் சேலம் சேர்க்கப்பட்ட பிறகு, பழைய பேருந்து நிலையம் ஈரடுக்காகப் புதிதாகக் கட்டப்பட்டு 2023-இல் திறக்கப்பட்டது. கோட்டை மாரியம்மன் கோயில் திருப்பணி முடிந்து அதே ஆண்டு அக்டோபரில் குடமுழுக்கும் நடந்தேறியது. 2020-இல் திறக்கப்பட்ட ஐந்து ரோடு மேம்பாலத்தால் நகரைக் கடந்து செல்வோருக்குப் பெரும் நேரம் மிச்சமாகிறது. எனினும், நகரைக் கடப்பதற்குக் கிடைத்த வசதி நகருக்குள் வருவதற்குக் கிடைக்கவில்லை என்பதையும், புதிய கட்டடங்களுக்கு வெளியே காலெடுத்து வைத்தால் பழைய நிலைமையே எதிர்ப்படுகிறது என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம். சீர்மிகு நகரத் திட்டத்தின் காலம் 31.03.2025 அன்றோடு முடிந்துவிட்டது. அடுத்து எந்த நிதியில் எந்தப் பணி எடுக்கப்பட்டாலும், அதற்கு முன் கீழே சொல்லப்படும் செய்திகளைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலைச் சரிவில் பிறந்து, நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்துக்குள் சென்று காவிரியில் கலக்கும் இந்த ஆற்றின் கரையில்தான் அருணகிரிநாதர் பாடிய சுகவனேசுவரர் கோயில் இருக்கிறது. ஆற்றில் குளித்துவிட்டுக் கோயிலுக்குச் சென்ற தலைமுறையைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று ஆனந்தா பாலத்தில் நிற்பவர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கிறது. பேருந்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரருக்குச் சேலம் அறிமுகமாவது அந்த நாற்றத்தின் வழியாகத்தான் என்றால், அவர் ஊரைப் பற்றி என்ன பேசுவார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆற்றின் இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பியதையும் கரையை அழகுபடுத்தியதையும் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. சுவர் வெள்ளத்தைத் தடுக்கும், தண்ணீரைத் தூய்மையாக்காது. வீடுகளின் கழிவுநீரும், சாயப்பட்டறைகளின் சாயநீரும், வெள்ளிப் பட்டறைகளில் பயன்படும் அமிலக் கழிவும் ஆற்றில் விழுவது நிற்காத வரையில் கரையில் செலவிடும் பணம் முழுப்பயன் தராது. பாதாளச் சாக்கடைக் குழாய் போடப்பட்ட தெருக்களிலும் பல வீடுகள் இணைப்புப் பெறாமல் இருப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த காரணங்கள் மூன்று. வைப்புத்தொகையை ஒரே தவணையில் கட்ட முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. வாடகை வீடுகளின் உரிமையாளர்கள் வெளியூரில் இருப்பதால் அவர்கள் அக்கறை கொள்வதில்லை. ஒரு ஆள் நுழையும் அகலமே உள்ள சந்துகளில் குழி தோண்டும் வேலையை ஒப்பந்தக்காரர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். வைப்புத்தொகையைச் சொத்து வரியோடு சேர்த்துச் சிறு தவணைகளாக வாங்கவும், உரிமையாளருக்கு அவர் வசிக்கும் ஊர் முகவரியிலேயே அறிவிப்பு அனுப்பவும், சந்துகளுக்குத் தனி மதிப்பீடு போட்டு வேலையை முடிக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். எந்தத் தெருவில் எத்தனை வீடுகளுக்கு இணைப்பு உண்டு, எத்தனைக்கு இல்லை என்ற பட்டியலை வார்டு அலுவலகத்தில் ஒட்டினால், மீதியைத் தெருக்காரர்களாகிய நாங்களே பேசி முடிக்க வைப்போம்.

சாயப்பட்டறைகளைப் பொறுத்தவரை, அவற்றை ஒரே நாளில் மூடிவிட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகைப் பகுதி நெசவாளர்களின் பிழைப்பு அவற்றோடு பின்னியிருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு இந்த ஊருக்குத் தேடித் தந்த நற்பெயரையும் நாங்கள் மறக்கவில்லை. சிறு பட்டறைக்காரர் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க இயலாது. ஆகவே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடமும் மானியமும் பெற்றுத் தருவதில் மாநகராட்சி முன்னிற்க வேண்டும். அதோடு, ஆறு நகருக்குள் நுழையும் இடம், ஆனந்தா பாலம், நகரைவிட்டு வெளியேறும் இடம் ஆகிய மூன்று இடங்களில் மாதந்தோறும் நீரைச் சோதித்து, முடிவைத் தமிழில், எளிதில் புரியும்படி அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். அந்த மூன்று அளவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே அழுக்கு எங்கே சேர்கிறது என்பது விளங்கிவிடும். கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் பொதுமக்கள் முன்னின்று மீட்டெடுத்ததைக் கண்ட ஊர் இது. ஏரியில் முடிந்த ஒன்று ஆற்றில் முடியாது என்று நாங்கள் நம்பவில்லை. நம் ஊர்க் கழிவைச் சுமந்து செல்லும் தண்ணீரைத்தான் கீழ்ப்பகுதி விவசாயிகள் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள் என்பது எங்களை உறுத்துகிறது.

அடுத்தது, இரவில் கடைவீதியின் நிலை. ஜவுளிக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்கள் கடை மூடிய பின்தான் பேருந்து பிடிக்க வருகிறார்கள். அவர்கள் வரும் வழியில் எரியாத விளக்குகளும், சுத்தமில்லாததால் பூட்டியே கிடக்கும் கழிப்பறைகளும் ஊரின் கெட்ட பெயரில் பாதிக்குக் காரணம் என்பது அவர்களிடம் கேட்டால் தெரியும். கோட்டையிலிருந்து சின்னக்கடை வீதி வழியாகப் பழைய பேருந்து நிலையம் வரை பெண்களுக்கான கழிப்பறைகளை இரவு 11 மணி வரை ஆள் அமர்த்தித் திறந்துவைக்கவும், பழுதான தெருவிளக்கைச் சரிசெய்யும் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணைக் கம்பத்திலேயே எழுதவும் வேண்டுகிறோம்.

நடைபாதை வியாபாரிகளைப் பற்றி எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. வாடகையும் வரியும் கட்டும் கடைக்காரர்களில் பலர், தங்கள் வாசலை மறைக்கும் தள்ளுவண்டிகளை அகற்றினால்தான் வாடிக்கையாளர் திரும்பி வருவார்கள் என்கிறார்கள். அவர்களுடைய நட்டமும் உண்மையானது. ஆனால், தட்டுவடை செட் என்ற எங்கள் ஊர்த் தின்பண்டத்தை விற்கும் வண்டியும் பூக்கடையும் இருக்கும் முனையில் விளக்கும் ஆள் நடமாட்டமும் இருப்பதால் பெண்கள் அச்சமின்றி நடக்கிறார்கள், அவற்றை அப்புறப்படுத்திய முனையே குடிகாரர்களின் இடமாகிறது என்று பெண்கள் சொன்னதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014-இன்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அந்தக் குழுவில் கடைக்காரர்களையும் அழைத்து உட்காரவைத்து, எந்த வீதியில் எந்த நேரத்தில் எத்தனை வண்டி என்று பேசித் தீர்மானித்தால், வண்டிகளைத் திடீரென்று அகற்றுவதும் மறுவாரமே அவை திரும்பி வருவதுமான நிலை ஓயும்.

இவை எல்லாம் நடக்கக்கூடியவை என்பதற்கு ஆடி மாதமே சாட்சி. எட்டுப் பேட்டைகளையும் கட்டியாளும் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிய நாள் முதல் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை எனப்படும் அலங்கார வண்டிகளின் ஊர்வலம் முடியும் வரை, இதே குறுகிய வீதிகளில் பெருங்கூட்டம் திரளுகிறது. போக்குவரத்து மாற்றிவிடப்படுகிறது, தற்காலிகக் கழிப்பறைகள் வருகின்றன, குப்பை உடனுக்குடன் அள்ளப்படுகிறது, காவலர் நிற்கிறார்கள். நள்ளிரவிலும் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் நடந்து போகின்றன. அந்த நாள்களில் சேலம் டவுனைப் பார்த்தவர் யாரும் அதைப் பாதுகாப்பற்ற ஊர் என்று சொல்லமாட்டார். திருவிழாவுக்குச் செய்யும் ஏற்பாட்டில் பாதியையாவது சனி, ஞாயிறு மாலைகளில் செய்து பார்க்குமாறும், அந்த மாலைகளில் சின்னக்கடை வீதிக்குள் நான்கு சக்கர வாகனங்கள் வராமல் தடுத்து, அது பலன் தருகிறதா என்று சோதித்துப் பார்க்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

பழைய கட்டடங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1866-இல் நகராட்சியாகி, 1917-இல் இராஜாஜியைத் தலைவராகக் கொண்டிருந்து, 1994-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊரில், அந்த வரலாற்றைக் கண்ணால் காட்டக்கூடிய கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய திரைப்பட நிறுவனத்தின் நுழைவு வளைவு மட்டும் எஞ்சி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், படம் எடுத்த அந்தக் கூடங்களில் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாமே என்ற வருத்தம் எங்களுக்கு உண்டாகிறது. அக்ரஹாரங்களில் மிஞ்சியுள்ள ஓட்டு வீடுகளையும் செவ்வாய்ப்பேட்டையின் பழைய மண்டிகளையும் கணக்கெடுத்து, பழுது பார்ப்போருக்கு வரிச்சலுகை அளிக்கலாம். ஏற்காட்டுக்குச் செல்லும் பயணிகள் இப்போது ஊரைத் தொடாமலே மலையேறிவிடுகிறார்கள். கொலுசுப் பட்டறையையும் தறிக்கூடத்தையும் காட்டும் நடைவழி ஒன்று அமைந்தால் அவர்களில் சிலரேனும் கடைவீதிக்குள் வருவார்கள்.

இறுதியாக, முடிவெடுக்கும் முறையைப் பற்றிய கோரிக்கை. தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் 01.11.2022 அன்று உள்ளாட்சி நாளில் முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடின. அந்தச் சபைகளைக் குடிநீர்க் குழாய், குப்பைத் தொட்டி போன்ற உடனடிக் குறைகளைக் கேட்பதோடு நிறுத்திவிடாமல், நடுப்பகுதியில் எடுக்கப்படும் ஒவ்வொரு பெரிய பணியின் வரைபடமும் மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே அங்கே தமிழில் வைக்கப்படச் செய்ய வேண்டும். குடியிருப்போர் சொல்லும் கருத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் செலவுத் தொகை, முடியும் நாள், பொறுப்பான பொறியாளரின் பதவி ஆகியவை எழுதப்பட்ட பலகை இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆவது பிரிவு அலுவலகங்கள் தாமாகவே தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. நாங்கள் கேட்பதும் அதைத்தான்.

இவ்வாறு பணிகளைப் பற்றிக் கருத்துக் கேட்கும் பகுதி சபையின் முதல் கூட்டத்தை ஆடித் திருவிழாவுக்கு முன்பே நடத்தி, அதற்கு முன் ஒரு நாள் தாங்களே பொறியாளர்களோடும் சுகாதார அலுவலர்களோடும் கோட்டையிலிருந்து ஆனந்தா பாலம் வரை எங்களோடு நடந்து வந்து பார்வையிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். கையொப்பமிட்டவர்களில் நெசவாளர்களும், கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்களும், கடைப் பெண்களும் இருப்பதால், கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையன்று வைத்தால்தான் அவர்கள் கூலியை இழக்காமல் கலந்துகொள்ள முடியும். நாளும் இடமும் ஒரு வாரம் முன்பாகத் தெரிவிக்கப்பட்டால், தெருவுக்கு இருவரேனும் வரும்படி நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய நகரப் பகுதிக் குடியிருப்போரும் தொழில் செய்வோரும்

இடம்: சேலம்
நாள்:

இணைப்பு: தெருவாரியான கையொப்பப் பட்டியல்.

நகல்: மாண்புமிகு மேயர் அவர்கள், சேலம் மாநகராட்சி, மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், சேலம், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சேலம்.