ஆங்கில–தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். அகராதிகளை நம்பிப் பிழைக்கும் மொழிபெயர்ப்பாளர்களில் நானும் ஒருவன். ஆங்கிலத்தில் கலந்துவிட்ட ஐரிஷ் சொற்களுக்கு அடுத்த பதிப்பில் பிறப்பிடக் குறிப்பும், அதற்குப் பொருந்தும் தமிழும் தர வேண்டுகிறேன்.

'கீன்' என்பதற்குக் கூர்மையான, ஆர்வமுள்ள என்னும் பொருள்களோடு நான் புரட்டிய கையகராதிகள் நின்றுவிடுகின்றன. அதே எழுத்துகளில், அழுதலைக் குறிக்கும் ஐரிஷ் வினையிலிருந்து வந்த வேறொரு சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. இறந்தவரின் உடலருகே பெண்கள் அமர்ந்து, அவருடைய குலத்தையும் குணத்தையும் சொல்லிப் பாடி அழுததையே அது குறிக்கிறது. கூலி பெற்றுப் பாடிய பெண்களும் அங்கே இருந்தார்கள். திருச்சபை பலமுறை கண்டித்தும் அவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அயர்லாந்துச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கியபோது அதைப் 'புலம்பல்' என்று எழுதிவிட்டேன். ஒப்பாரி என்ற சொல் நம்மிடம் இருக்க அதை எழுதத் தவறியது இன்றும் உறுத்துகிறது.

'டோரி' என்பதற்குப் பழமைவாதக் கட்சியினர் என்று மட்டும் எழுதினால் ஒரு வரலாறே மறைந்துபோகிறது. பதினேழாம் நூற்றாண்டில் நிலம் பறிக்கப்பட்டு, காட்டிலும் சதுப்பிலும் ஒளிந்து, கொள்ளையடித்து வாழ்ந்த ஐரிஷ்காரர்களுக்கு இட்ட பெயர் அது. துரத்துதலைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லே அதன் வேர். கத்தோலிக்கரான ஜேம்ஸ் அரியணை ஏறலாமா என்று 1680ஐ ஒட்டி இங்கிலாந்தில் எழுந்த பூசலில், அவருடைய ஆதரவாளர்களை இழிவுபடுத்த எதிர்த்தரப்பு அதைக் கையிலெடுத்தது. வசைச்சொல்லே கட்சிப்பெயராக நிலைத்துவிட்டது.

'விஸ்கி' உயிர்நீர் என்ற தொடரின் குறுக்கம்; ஆங்கிலம் வைத்துக்கொண்டது நீரை மட்டும்தான். நிறைய என்னும் பொருள்தரும் 'கலோர்' ஆங்கிலத்திலும் பெயருக்குப் பின்னேயே நிற்பதற்கு அதன் தாய்மொழி வழக்கே காரணம். இவ்விரண்டும் ஐரிஷுக்கும் அதன் உடன்பிறப்பான ஸ்காட்லாந்து கேலிக்குக்கும் பொதுவானவை என்பதால், இரண்டையுமே குறிப்பிடுவதுதான் நேர்மை. அதேபோல, ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக எதையும் ஐரிஷ் என்று எழுதிவிடாதீர்கள்: அருமை என்று பொருள்படும் 'ஸ்மாஷிங்', 'அது நல்லது' என்னும் ஐரிஷ் தொடரிலிருந்து வந்ததாகப் பரவியிருக்கும் கதைக்குச் சான்றில்லை, நொறுக்குதலைக் குறிக்கும் ஆங்கில வினையே அதற்குப் போதும்.

எல்லாவற்றையும் ஒரே பதிப்பில் திருத்த இயலாதெனில், 'கீன்' பதிவில் 'ஒப்பாரி வை' என்ற பொருளையாவது முதலில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு மொழிபெயர்ப்பாளர்