கை கழுவாததால வந்ததில்ல இது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ் தோல் நோய் கட்டுரையில ஒரு வரி வந்துச்சு, பட்டறை ஆளுங்களுக்கு வர்ற கரப்பான் பெரும்பாலும் கை சுத்தமில்லாததால வர்றதுன்னு. அந்த வரிய நாலு தடவை படிச்சேன், மனசு ஆறல. பதினாறு வருஷம் முலாம் பூசுற தொட்டிகிட்ட நின்னவன் நான். கழுவிக் கழுவியே தோல் வெடிச்சு, அந்த வெடிப்பு வழியாத்தான் எனக்கு குரோமியம் உள்ள போச்சு.

உங்களுக்குத் தெரியாததில்ல, தொட்டியில இருக்கிற ஆறாம் நிலை குரோமியம், அதாவது குரோமியத்துலயே ரொம்ப விஷமான வகை, சின்னக் கீறல்ல பட்டாலும் துளை போட்ட மாதிரி புண்ணாக்கிடும், விரல் முட்டியில, நகத்தோரத்துல. பெருசா வலிக்காது, அதனாலயே சூப்பர்வைசர் கண்ணுக்கு அது நோயாவே தெரியல. என் கையில மூணு தழும்பு இருக்கு. கூட நின்ன அண்ணனுக்கு மூக்குக்குள்ள நடுத்தண்டுலயே ஓட்டை விழுந்துச்சு, அதுக்கு ஜலதோஷ மாத்திரை குடுத்து அனுப்புனாங்க.

நிக்கல் இன்னும் மோசம். ஒரு தடவை ஒத்துக்காம போச்சுன்னா ஆயுசுக்கும் விடாது. வேலையை விட்டு நாலு வருஷமாச்சு, இன்னைக்கும் நிக்கல் கலந்த பேன்ட் பட்டன் படுற இடத்துல தடிச்சு நீர் வடியுது. மூணு டாக்டர் பார்த்தேன், என்ன வேலைன்னு கேட்டது மூணாவது அம்மா மட்டும்தான். அவங்கதான் பேட்ச் டெஸ்ட்னு, எது ஒத்துக்கலன்னு கண்டுபிடிக்க சந்தேகப்படுற பொருளை எல்லாம் கொஞ்சங்கொஞ்சம் முதுகுல ஒட்டி, ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பார்த்து, அப்புறம் திரும்பவும் வரச்சொல்லி நிக்கல், குரோமியம் ரெண்டும்தான் ஒத்துக்கலன்னு சொன்னாங்க. கம்பெனி குடுத்த தோல் கிளவுஸ் பத்தியும் அப்பதான் தெரிஞ்சுது, அந்தத் தோலைப் பதப்படுத்துறதே குரோமியம் உப்புலயாம், எது ஆகாதோ அதையே கையில மாட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி கொத்தனாருங்க கைப்புண் பத்தி உங்களுக்கு எழுதினேன், நீங்க போடல. சிமென்ட்லயும் இதே குரோமியம் இருக்கு ஐயா. சிமென்ட்ல அது தண்ணியில கரையுற அளவு பத்து லட்சத்துல 2 பங்குக்கு மேல போகக் கூடாதுன்னு ஐரோப்பாவுல 2005லயே கொண்டு வந்துட்டாங்க, இரும்பு சல்பேட் கலந்தா குறைஞ்சிடும். இதெல்லாம் அந்தக் கட்டுரையில ஒரு வார்த்தை இல்ல, கை கழுவுறது மட்டும் இருக்கு.

அடுத்த இதழ்ல ஒரு ஓரமா ரெண்டு வரி போடுங்க, போதும். கையில கரப்பான்னு டாக்டர்கிட்ட போறவங்க, அவங்க கேக்காட்டியும் என்ன வேலை பார்க்கிறோம், எந்த உலோகத்தைத் தொடுறோம்னு தாங்களே சொல்லணும், பேட்ச் டெஸ்ட் பத்தி கேக்கணும்னு.

இப்படிக்கு,
பிளேட்டிங் பட்டறையில இருந்த உங்க பழைய வாசகன்