இன்லைன் ஹொக்கிப் பிரிவு, செயலாளர் ஆண்டறிக்கை: கோல் காக்கப் பழகின வருசம்

எல்லாருக்கும் வணக்கம். தலைவர், பொருளாளர், நிர்வாகசபை ஆக்கள், பயிற்சி குடுத்த தம்பி தங்கச்சிமார், பெற்றோர், முக்கியமா இந்த வருசம் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கோலுக்கு முன்னால வந்து நிண்ட பிள்ளையள், உங்கள் எல்லாருக்கும்தான் இந்த அறிக்கை. கணக்கைப் பொருளாளர் அண்ணா தனியா வாசிப்பார். கோடை ஒன்றுகூடல், ஜேர்சி அச்சடிச்சது, பிள்ளையளின்ர பரிசளிப்பு எல்லாம் வழமை மாதிரி நல்லா நடந்து முடிஞ்சது, அதுகளை நான் நீட்டேல்லை. எனக்கு இந்த வருசம் எழுத இருக்கிறது கோலியளை, அதாவது கோல் காக்கிற ஆக்களைப் பற்றி.

புதுசா வந்த குடும்பங்களுக்காகக் கொஞ்சம் பின்னுக்குப் போறன். கனடாவில ஸ்காபரோவில எங்கட பிள்ளையள் கன பேர் சில்லு ஸ்கேற் போட்டு விளையாடுற இன்லைன் ஹொக்கிக்கு வந்ததே ஐஸ் ஹொக்கிச் செலவு தாங்கேலாமத்தான். குளிர்காலத்தில ஐஸ் போடுற வெளி ரிங்குகள் வசந்தம் வந்தா வெறும் சீமெந்துத் தரை, சுத்திவர போர்ட்ஸ் எண்ட தடுப்புப் பலகை இருக்கு, இடம் இருக்கு, பிறகென்ன வேணும். அப்பிடித்தான் எங்கட பிரிவு வளந்தது. ஆனா கனகாலமா எங்களுக்குள்ள ஒரு பழக்கம், ஆருக்கு ஸ்கேற் பண்ண வராதோ அவரைப் பிடிச்சுக் கோலுக்குள்ள விடுறது, ஊரில கிறிக்கெற் விளையாடேக்க ஆகச் சின்னப் பெடியனைப் பந்து பொறுக்க விட்ட மாதிரி. அந்தப் பிள்ளை ரெண்டு கிழமை நிக்கும், பத்துப் பன்னிரண்டு கோல் வாங்கும், மூண்டாம் கிழமை வராது. இப்பிடி எத்தினை பிள்ளையளை நாங்கள் இழந்தம் எண்டு பயிற்சியாளர் ஒரு கூட்டத்தில எழும்பிக் கேட்டவர், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அண்டைக்கு எடுத்த முடிவுதான் தொடக்கநிலைக் கோலி வகுப்பு.

கோலிதான் அணியிலயே வடிவா ஸ்கேற் பண்ணத் தெரிஞ்ச ஆளா இருக்க வேணும். இது கன பெற்றோருக்குப் புதினமா இருந்தது, ஆனா விளையாட்டை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. ஐஸ் ஹொக்கியில கோலியோட சேத்து ஆறு பேர், இன்லைனில அஞ்சு பேர், அப்ப கோலிக்கு முன்னால நிக்கிறது நாலே நாலு பேர். தரையைப் பிரிக்கிற புளூ லைன் இல்லை, நாங்கள் விளையாடுற விதியில பக்குக்கு (அடிக்கிற வட்டத்தட்டு) முன்னால எதிர்ப்பக்கம் போகக்கூடாது எண்ட ஒஃப்சைட்டும் இல்லை, பக்கைத் தங்கட பாதியில இருந்து மற்ற முனைக்கு அடிக்கக்கூடாது எண்ட ஐசிங்கும் இல்லை, உடம்பால இடிச்சு மறிக்கவும் ஏலாது. அதால ஆக்கள் பிரிஞ்சு ஓடுவினம், ரெண்டு பேருக்கு எதிரா ஒருத்தர், இல்லாட்டி ஒருத்தருமே இல்லாமல் தனிய கோலியை நோக்கி வாறது, இதுதான் திருப்பித் திருப்பி நடக்கும். குறுக்கால ஒரு பாஸ் போச்சுதெண்டா கோலி ஒரு போஸ்ட்டில இருந்து மற்றப் போஸ்ட்டுக்குப் போயே ஆக வேணும், கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம், நிண்ட இடத்தில நிண்டுகொண்டு அதை மூடேலாது.

அதால முதல் கிழமையள் பக்கே இல்லை. பிள்ளையளுக்குச் சரியான ஏமாற்றம், வீட்டை போய் முறைப்பாடும் சொன்னவை, சில அப்பாமார் எனக்கு ஃபோனும் எடுத்தவை. ஆனா பயிற்சியாளர் விடேல்லை. முழங்காலை மடிச்சு, நெஞ்சை நிமித்தி, ஸ்ரிக்கின்ர தட்டுப் பகுதி முழுசாத் தரையில படுற மாதிரி பாதத்துக்குக் கொஞ்சம் முன்னால வைச்சு, பிடிக்கிற கிளவ்வை உடம்புக்கு முன்னால திறந்தபடி வைச்சு நிக்கிறது, அது முதலாவது. அதே நிலை குலையாமல் சின்னச் சின்ன அடியாப் பக்கத்துக்கு நகர்றது ஷபிள். தூரம் கூடவெண்டா ரீ-புஷ். வலப்பக்கம் போறதெண்டா வலப்பாதத்தைப் போற பக்கம் திருப்பிப்போட்டு இடக்காலால தள்ள வேணும், போய்ச் சேர்ந்த உடனை முன்பாதத்தைத் திருப்பி, சில்லின்ர உள்பக்கத்தில பாரத்தைக் குடுத்து நிக்க வேணும். எழுத்தில லேசா இருக்கு. நிக்கிறதுதான் கஷ்டம். ஐஸில கத்தியைப் பக்கவாட்டில சீவி நிக்கலாம், சில்லு அப்பிடிச் சறுக்காது, பிடிக்கும், பிடிச்சா ஆள் போஸ்ட்டைத் தாண்டிப் போகும் இல்லாட்டி குப்புற விழும். ஐஸில கொஞ்சம் கோல் காத்திட்டு எங்களிட்ட வந்த ஒரு பெடியனே முதல் நாள் இதில தடுமாறிப் போனான்.

சில்லைப் பற்றியும் சொல்லிப்போடுறன், ஏனெண்டா இதில காசு வீணாகுது. சில்லில 76ஏ, 84ஏ எண்டு ஒரு இலக்கம் இருக்கும், அது எவ்வளவு கடினம் எண்டதுக்கான அளவு. வெளியில சீமெந்துக்கு 82ஏ, 84ஏ மாதிரி கடினமானது வேணும், மெதுவானதைப் போட்டா கெதியாத் தேஞ்சுபோம். உள்ளரங்கில பிளாஸ்ரிக் ஓடு பதிச்ச தரைக்கு 74ஏ, 76ஏ மாதிரி மெதுவானது. எங்கட பிள்ளையள் கன பேர் வெளியில ஓடின கடினச் சில்லோடயே உள்ளுக்கு வந்தவை, தள்ளுற கால் வழுக்கி இடுப்பு விரிஞ்சுபோச்சு. ஸ்கேற் புதுசா வாங்கத் தேவையில்லை, ரெண்டு செற் சில்லு இருந்தாக் காணும், கழட்டிப் பூட்டப் பிள்ளையளே பழகியிட்டினம்.

பேந்து பட்டர்பிளை. ரீவியில என்எச்எல், அதாவது வட அமெரிக்காவின்ர பெரிய ஐஸ் ஹொக்கி லீக், பாக்கிற எல்லாப் பிள்ளைக்கும் முழங்காலை ரெண்டு பக்கமும் விரிச்சுத் தரையில விழுந்து மறிக்கத்தான் ஆசை. விழலாம், பிரச்சினை எழும்புறதுதான். அதோட சீமெந்தில பாட்ஸ், காலில கட்டுற காப்பு, சறுக்கவே சறுக்காது, தோல் உரிஞ்சு தும்பு தும்பா வந்திடும், ஓட்டுத் தரையிலகூட பாட்ஸின்ர உள்பக்கத்தில வழுக்குற தகடோ உறையோ போட்டாத்தான் விழுந்தபடி நகரலாம். அதாலதான் எங்கட வகுப்பில முதல் நிண்டு மறிக்கிறது, பிறகு விழுறது. எழும்பேக்க எந்தக் கால் எண்டதிலதான் எல்லாப் பிள்ளையளும் குழம்பினவை. வலப்பக்கம் போகவேணுமெண்டா இடக்கால் எழும்ப வேணும், அப்பதான் அந்தக் காலால தள்ளலாம். கண் முதல், பிறகு கால். இதை ஒவ்வொரு நாளும் பயிற்சி தொடங்கேக்க பக் இல்லாமலே செய்யவிட்டது, மாரி வரேக்க கன பேருக்குத் தானா வந்திட்டுது.

இனி நான் கண்ணால கண்ட ஒண்டு. ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை, அவாவுக்கு எல்லா அடியும் போஸ்ட் ஓரத்தால உள்ளுக்குப் போகுது, கையும் வேகம், காலும் வேகம், ஆனாலும் போகுது. பயிற்சியாளர் ரெண்டு நீளக் கயிறு கொண்டுவந்து ஒவ்வொரு போஸ்ட்டிலயும் ஒண்டைக் கட்டி, மற்ற நுனி ரெண்டையும் அடிக்கிற ஆள் நிக்கிற இடத்தில பக்குக்குப் பக்கத்தில சேத்துப் பிடிச்சார். கோல் கோட்டில நிக்கச் சொன்னார், பிள்ளையின்ர ரெண்டு பக்கமும் கயிறு வரைக்கும் பெரிய வெளி. ஒரு அடி முன்னுக்கு வரச் சொன்னார், இன்னொரு அடி, கோலுக்கு முன்னால கீறியிருக்கிற கிறீஸின்ர விளிம்புக்கு வரேக்க ஸ்ரிக் பிடிக்கிற கையில போடுற பிளொக்கரும் மற்றக் கையின்ர கிளவ்வும் ரெண்டு கயிறையும் கிட்டத்தட்டத் தொடுது. பிறகு பிள்ளையைக் கொண்டுபோய் அடிக்கிற இடத்தில இருத்தி, பக் இருக்கிற உயரத்தில இருந்து கோலைப் பாக்கச் சொன்னார், தான் கோலுக்க நிண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நகர்ந்து காட்டினார். அந்தப் பிள்ளை தரையில முகத்தை வைச்சுப் பாத்துக்கொண்டு "சேர், இப்ப ஒண்டும் தெரியேல்லை, இப்ப தெரியுது" எண்டு கத்திக் கத்திச் சொன்னா. அண்டைக்குப் பிறகு அவா கோட்டில நிண்டதே இல்லை. ஆள் கிட்ட வர வர அதே வேகத்தில பின்னுக்குப் போகவும் வேணும், இல்லாட்டி சுத்திக்கொண்டு போயிடுவினம், அதை இப்ப பழகிக்கொண்டிருக்கிறா.

பயத்தைப் பற்றி ஒருத்தரும் வெளிப்படையாக் கதைக்கிறேல்லை. அடி வரேக்க கண்ணை மூடுறதும் முகத்தைத் திருப்புறதும் இயல்பு, திருப்பினா மாஸ்க் மறைக்காத இடம்தான் முன்னுக்கு வரும். அதால ரெனிஸ் பந்து, பிறகு ஹொக்கிப் பந்து, கடைசியாத்தான் பக். இன்லைன் பக் ஐஸ் பக்கை விடப் பாரம் குறைவு, ஐஸ் பக் 170 கிராம் வரைக்கும் வரும், ஆனாலும் பிளாஸ்ரிக் பக் முகத்தில பட்டா நோகும். 1959 நவம்பர் 1, நியூயோர்க்கில மொன்றியல் கனேடியன்ஸ் கோலி ஜாக் பிளான்ற்றுக்கு முகத்தில பக் பட்டு வெடிச்சது, தையல் போட்டுக்கொண்டு வந்த மனுசன் மாஸ்க் இல்லாமல் இறங்க மாட்டன் எண்டு நிண்டவர். மாஸ்க் போட்டா பயந்தாங்கொள்ளி எண்டு நினைச்ச காலம் அது. உலகத்திலயே சிறந்த கோலியளில ஒருத்தர் அப்பிடிச் சொன்னவர் எண்டதைப் பிள்ளையளுக்குச் சொன்னனாங்கள், பயப்படுறது குறையில்லை எண்டு அதுகளுக்கு விளங்க வேணும்.

மாஸ்க் வாங்கேக்க தயவுசெய்து கனடாவின்ர தரச் சான்றான சிஎஸ்ஏ ஸ்ரிக்கர் இருக்கோ எண்டு பாருங்கோ. ஒரு பெற்றோருக்கு ஒரு பழைய சாமான் கடையில பூனைக்கண் மாதிரி பெரிய ஓட்டை வைச்ச கம்பி மாஸ்க்கை, என்எச்எல் ஆக்கள் போடுறது எண்டு சொல்லி வித்திருக்கினம். அந்த ஓட்டைக்குள்ளால ஸ்ரிக் நுனி போகும், பிள்ளையளுக்கு அது கூடாது, அதை நாங்கள் பாவிக்க விடேல்லை. மாஸ்க், நெஞ்சுக் கவசம், கழுத்துக் காப்பு, கீழ்க் காப்பு, இதுகளில காசு மிச்சம் பிடியாதேங்கோ. பாட்ஸ் பழசா இருந்தாப் பரவாயில்லை, முழங்கால் அதுக்கெண்டு இருக்கிற மெத்தையின்ர நடுவில வந்து விழுந்தாச் சரி. வளருவான் எண்டு ரெண்டு அளவு பெருசா வாங்கிறதுதான் ஆகக் கூடாதது, பாட்ஸ் சுத்திக்கொண்டு போய் முழங்கால் தரையில அடிபடும்.

பெம்பிளைப் பிள்ளையள் கோலியா வாறது இந்த வருசம் கூடியிருக்கு, எனக்கு அதில தனிச் சந்தோசம். மனோன் ரேயோம் 1992இல தம்பா பே லைட்னிங்குக்காக ஒரு கண்காட்சி ஆட்டத்தில கோல் காத்து, என்எச்எல் அணி ஒண்டுக்கு விளையாடின முதல் பெம்பிளை எண்டு பேர் எடுத்தவா. பிறகு அமெரிக்காவில ரோலர் ஹொக்கி இன்டர்நஷனல் எண்ட சில்லு ஸ்கேற் லீக்கிலயும் ஆம்பிளையளோட சேந்து கோல் காத்தவா. எங்கட பிள்ளையளுக்கு இது தெரிஞ்சிருக்க வேணும்.

பெரியாக்கள் வகுப்புக்கும் சிலபேர் வந்தவை, நாப்பது தாண்டின அப்பாமார். அவைக்கு இடுப்பும் தொடையும் சூடாகாமல் ஒருக்காலும் விழ வேண்டாம் எண்டு சொல்லியிருக்கு, கேட்ட ஆக்கள் இன்னும் விளையாடுகினம்.

பெற்றோரிட்ட ஒரு வேண்டுகோள். கோலுக்குப் பின்னால போர்ட்ஸைப் பிடிச்சுக்கொண்டு "மறி, மறி, விழு" எண்டு கத்தாதேங்கோ. மாஸ்க்குக்குள்ள அந்தப் பிள்ளைக்குப் பயிற்சியாளர் சொல்றதும் கேக்காது, பக்கை வைச்சிருக்கிற ஆளிலயும் கண் நிக்காது. கோல் போன உடனை தலையைக் கையில பிடிக்கவும் வேண்டாம், பிள்ளை திரும்பிப் பாக்கிறது உங்களைத்தான்.

அடுத்த வருசத்துக்கு நிர்வாகசபை இண்டைக்குச் சபைக்கு முன்னால வைக்கிற தீர்மானங்கள் மூண்டு. கோலிச் சாமான் சங்கத்தின்ர சொத்தா இருக்க வேணும், தொடங்கிற எந்தப் பிள்ளையும் ஒரு சீசன் காசில்லாமல் பாவிச்சுப் பாக்கட்டும், அதுக்கு உறுப்பினர் பணத்தில ஒரு பங்கை ஒதுக்க வேணும். ஒவ்வொரு அணிக்கும் ரெண்டு கோலி, ரெண்டு பேரும் மாறி மாறிச் சம அளவு விளையாடுறது, ஒருத்தர் வாங்கில இருந்து பாத்துக்கொண்டே காலம் போக்கிறது இல்லை. மூண்டாவது, தொடக்கநிலைப் பயிற்சியில ஸ்ரிக்கைப் பின்னுக்கு ஓங்கி அடிக்கிற ஸ்லாப் ஷொட் இல்லை, பக்கை முழங்காலுக்கு மேல உயத்தி அடிக்கிறதும் இல்லை, பயிற்சியாளர் சரி எண்டு சொல்லுமட்டும். மூண்டாவதில பெரிய பெடியளுக்கு விருப்பமில்லை எண்டு தெரியும், அவை எழும்பித் தங்கட பக்கத்தைச் சொல்லலாம், ஆனா என்ர வாக்கு அதுக்குத்தான். கழிச்ச பழைய பாட்ஸ், பிளொக்கர் வீட்டில வைச்சிருக்கிற ஆக்கள் கூட்டம் முடிய என்னட்டைப் பேரைத் தாங்கோ, நானே வந்து எடுக்கிறன்.

இப்பிடிக்கு,
செயலாளர்