ஆண்டறிக்கை: முந்தனை ஆற்றங்கரைப் பறவைகளும் வாகன வழிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அங்கத்தவர்களே,

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மரநடுகையும் கரைத் துப்புரவும் வழமைபோல் நடந்தன. இவ்வறிக்கை பெரும்பாலும் மட்டக்களப்பின் முந்தனை ஆற்றுக்குள் வாகனம் இறங்கும் வழிகளைப் பற்றியது.

சிறுபோக (கோடை நெற்செய்கை) காலத்தில் ஆறு வற்றி மணல்திட்டுகள் வெளிக்கிடும். ஆட்காட்டியும் பெரிய கண்கிளேடி என்ற கரைப்பறவையும் அங்கே முட்டையிடும் நேரத்தில்தான் மணலுக்கு உழவு இயந்திரங்களும் இறங்குகின்றன. ஒரு கியூப் மணல், அதாவது 100 கன அடி, நாலரைத் தொன் அளவில் வரும். அந்தப் பாரத்தோடு உழவு இயந்திரப் பெட்டி ஏறினால் முட்டை மிஞ்சாது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சில்லு படாமலே நடக்கும் சேதம்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆட்காட்டி வெறும் மணற்குழியில் வழமையாக 4 முட்டை இடும். பொரிக்க நாலு கிழமை அளவில் செல்லும். உச்சி வெயிலில் சோடி மாறி மாறி நிழல் கொடுக்கும். வயிற்று இறகை ஆற்றில் நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். கரையில் மெசின் (உழவு இயந்திரம்) கழுவிக்கொண்டு ஆட்கள் நின்றால் பறவை கத்திக்கொண்டு சுற்றுமே தவிர கூட்டில் இராது. முட்டை வெயிலில் வெந்துபோகும், இல்லையேல் காகம் கொண்டுபோகும். குஞ்சோ ஆபத்தைக் கண்டால் நிலத்தோடு ஒட்டிப் படுத்துவிடும். ஆழமான சில்லுத்தடத்துக்குள் விழுந்தால் ஏறமாட்டாது. அடுத்த வாகனமும் அதே தடத்தில்தான் வரும்.

ஆட்காட்டி அருகிய பறவையா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லைதான். ஆனால் அதே மணலை நம்பியிருக்கும் பெரிய கண்கிளேடி 2 முட்டைதான் இடும். ஆட்காட்டிபோல் வயல், தரிசு என்று பார்க்காமல் கூடு வைக்கும் பறவையும் அல்ல. ஒன்றுக்கு வழிவிட்டால் மற்றதும் பிழைக்கும்.

பஞ்சுருட்டானுக்கும் மீன்கொத்திக்கும் வேறு தொல்லை. அவை செங்குத்தான கரையில் வளை தோண்டும். கரை விளிம்பில் வாகனம் போனால் வளை உள்ளே இடிந்துவிடும். மேட்டில் குவித்து வைக்கும் மணலும் ஒரு பொறிதான்: பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) வெட்டிய பக்கம் சுவர்போல் நின்றால் பஞ்சுருட்டான் அதையே கரை என்று எண்ணி வளை வைக்கும், சில கிழமையில் குவியல் குஞ்சோடு டிப்பரில் ஏறும். மாலையில் வேலை முடியும்போது அந்தப் பக்கத்தைச் சரிவாக இழுத்துவிட்டால் போதும். ஐந்து நிமிட வேலை. வளை வைத்த பிறகு சரிப்பது பயனில்லை.

வழிகளைப் பொறுத்தவரை, ஆற்றில் இறங்கும் துறை ஒன்று மட்டும் திறந்திருக்க வேண்டும் என்பதே செயற்குழுவின் நிலைப்பாடு. சேறான வழியில் ஒவ்வொருவரும் பழைய தடத்தை விலத்திப் புதுத்தடம் போடுவதால் ஒரு வழி நாலாகிறது. நாணல் அழிகிறது, மருதமர வேருக்கு மேல் மண் இறுகுகிறது. மணல் அள்ள அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பது புவிச்சரிதவியல் பணியகத்தின் வேலை. நமது கவலை வழி பற்றியது.

மற்ற வழிகளை மறிக்கத் தூண் நாட்டும்போது கவனிக்க வேண்டியவை: 6 அடித் தூணில் இரண்டரை அடி மண்ணுக்குள் போகவேண்டும். இடைவெளி 4 அடி. பால் கான் தொங்கும் மோட்டார் சைக்கிளும் மாடும் அதற்குள்ளால் போகும். நாலு சில்லு மெசின் போகாது. சில லான்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெட்டிகள் நுழைந்துவிடும். ஆகவே 6 அடி பின்னால், முதல் வரிசையின் இடைவெளிக்கு நேரே இரண்டாம் வரிசை வேண்டும். நீளமான பெட்டி அங்கே திரும்பாது. மணலில் நாட்டிய தூண் சரியும். வெள்ளத்தில் தூணில் சருகும் கொப்பும் சிக்க, நீர் அடியை அரித்துவிடும். கரைக்கு மேலே களிமண் பிடிப்புள்ள இடமே சரி, அது பாதையின் இருபுறமும் பற்றை உள்ள இடமாகவும் இருக்கவேண்டும். வெட்டையில் நாட்டினால் சுற்றிக்கொண்டு போவார்கள்.

கூட்டைக் கண்டால் பக்கத்தில் கொடி நாட்டவேண்டாம். காகத்துக்கும் நாய்க்கும் அது அடையாளம். திட்டு முழுவதையும் தொலைவிலேயே கயிறு கட்டி மறிப்பது நல்லது. மாரி வெள்ளத்துக்கு முன் கயிற்றைக் கழற்றி எடுக்கவும், இல்லாவிட்டால் அது மீனவர் வலையில் போய்ச் சிக்கும்.

எந்தத் துறையைத் திறந்து வைப்பது என்பதை மாடு வளர்ப்போரும் விவசாயிகள் அமைப்பும் இல்லாமல் தீர்மானிக்க முடியாது. சிறுபோக ஆரம்பக் கூட்டத்திலேயே அதைப் பேசுமாறு இச்சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்