பசுமைக் கட்டடம் என்றால் ஈ.பி. பில்லைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் புதிதாக எழும்பியிருக்கும் கண்ணாடிக் கோபுரத்தைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். உள்ளே பகலில் விளக்கே போட வேண்டியதில்லை என்று உங்கள் நிருபர் பூரித்திருக்கிறார். அந்த வரிக்கு நேர் மேலே உள்ள படத்தில் கூரை முழுக்க விளக்கு எரிகிறது, ஜன்னல் பக்கம் பிளைண்ட் திரை தரைவரை இறங்கிக் கிடக்கிறது. நிருபர் சின்னப் பையனாக இருக்கலாம். பக்கத்தை அச்சுக்கு அனுப்பிய உங்களுக்குமா தெரியவில்லை?

நான் இதே சாலையில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் ஏ.சி. பிளான்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். அதுவும் நாலு பக்கமும் கண்ணாடிதான், வாசலில் பசுமைச் சான்றிதழ்ப் பலகையும் உண்டு. மதியம் 3 மணி தாண்டினால் மேற்குப் பக்கத்துப் பிள்ளைகள் போன் செய்வார்கள், "அண்ணே, வேகுது" என்று. ஏ.சி.யின் செட்பாயின்டை, அதாவது குளிர் அளவை, இறக்கினால் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஸ்வெட்டரோடு வந்து நிற்பார்கள். அப்புறம் பிளைண்டை இறக்குவார்கள், இருட்டாகும், விளக்கைப் போடுவார்கள். அந்த விளக்கின் சூட்டையும் சேர்த்து ஏ.சி.க்குக் குளிர்நீர் தரும் என் சில்லர்தான் இழுக்க வேண்டும். கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்தபின் திரை போட்டு என்ன புண்ணியம்? மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். அபுதாபியில் 2012இல் கட்டிய அல் பஹார் கோபுரங்களில், சூரியன் நகர நகர விரிந்து சுருங்கும் மறைப்பைச் சுவருக்கு வெளியேதான் மாட்டினார்கள். நமக்கு அவ்வளவு ஜோடனை வேண்டாம். சென்னையில் உச்சி வெயில் தலைக்கு மேலேயே நிற்பதால் தெற்குச் சுவருக்குச் சின்ன சன்ஷேடு போதும். தாழ்ந்து வரும் காலை வெயிலும் மாலை வெயிலும்தான் ஆளைக் கொல்லும். அந்த இரண்டு பக்கத்திலும் கண்ணாடியைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. இதற்குப் பட்டம் வேண்டாம், ஒரு சித்திரை மாதம் அங்கே வேலை பார்த்தால் போதும்.

கட்டுரையில் ஜிம்பாப்வே நாட்டு ஹராரேயின் ஈஸ்ட்கேட் கட்டடத்தையும் அதற்கு முன்மாதிரியான கரையான் புற்றையும் வேறு உங்கள் நிருபர் இழுத்திருக்கிறார். மிக் பியர்ஸ் வடிவமைத்த அந்தக் கட்டடம் 1996இல் வந்தது, நல்ல கட்டடம்தான். ஆனால் ஹராரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் குளிரும். அந்தக் குளிர்ந்த காற்றைக் கான்கிரீட்டுக்குள் விட்டுவைத்துப் பகலைச் சமாளிக்கிறார்கள். மே மாதச் சென்னையில் இரவு 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே பெரிய விஷயம், கூடவே கடற்கரைப் புழுக்கம். இங்கே ஏ.சி. சூட்டை மட்டும் எடுப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. உதாரணம் வேண்டுமென்றால் நம்மைப் போலப் புழுங்கும் ஊரில் தேடியிருக்கலாமே. கோலாலம்பூர் அருகே சுபாங் ஜெயாவில் கட்டடக் கலைஞர் கென் யாங் 1992இல் கட்டிய மெனாரா மெசினியாகா கோபுரத்தில் லிப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் வெயில் அடிக்கும் கிழக்குப் பக்கம். வேலை செய்பவர்கள் அதன் நிழலில். அந்தக் கழிப்பறைக்கும் படிக்கட்டுக்கும் ஏ.சி.யே கிடையாது, ஜன்னல் காற்றுதான். நம் ஊரிலோ லிப்ட் நடுவில் ஜம்மென்று குளிரில் இருக்கும், ஆட்கள் கண்ணாடி ஓரம் காய்வார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் இந்தச் சாலையில் பல கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னபோது, ஏ.சி.யின் சூட்டை வெளியே தள்ளும் கூலிங் டவர் எவ்வளவு தண்ணீரை ஆவியாக விடுகிறது என்று உங்களுக்கு விரிவாக எழுதினேன். பிரசுரிக்கவில்லை. சரி, இடம் இருந்திருக்காது. அடுத்த வாரமே ரியல் எஸ்டேட் சிறப்பிதழ் பக்கம் பக்கமாக வந்தது, அதற்கு இடம் இருந்தது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு ஒரு தகரக் கொட்டகை, எதிரே கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயில். அவரை இந்தப் 'பசுமை' பற்றி யாராவது கேட்டீர்களா?

விதிமுறை இல்லாமலும் இல்லை. மத்திய அரசின் எரிசக்திச் சிக்கனக் கட்டட விதி 2007இலேயே வந்து, 2017இல் திருத்தப்பட்டது. அந்த 2017 திருத்தத்தில், சொன்ன அளவுகளை அப்படியே பின்பற்றும் நேர்வழியில் போனால் சுவரில் கண்ணாடி 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்ட ஆசைப்பட்டால் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள்: கணினியில் மாதிரிக் கட்டடம் போட்டு, அதைவிடத் தங்கள் கட்டடம் அதிகம் மின்சாரம் தின்னாது என்று காட்டிவிட வேண்டும். அந்த மாதிரியில் யாரும் பிளைண்டை இறக்கி விளக்கைப் போடுவதில்லை போலும்.

அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஹைதராபாத் இன்ஃபோசிஸ் வளாகத்தில் ஒரே கட்டடத்தைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான ஏ.சி.யும் மறு பாதிக்குத் தளத்துக்குள் குளிர்நீர்க் குழாயும் வைத்து, மின்சாரத்தைத் தனித்தனியாக அளந்து கணக்கை வெளியிட்டார்கள். அந்த மாதிரி, இனிமேல் எந்தக் கட்டடத்தைப் பசுமை என்று எழுதினாலும், அது ஆண்டுக்கு ஒரு சதுர அடிக்கு எத்தனை யூனிட் எடுக்கிறது என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். கொடுக்க மறுத்தால், மறுத்தார்கள் என்று போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஹராரேயை வெட்டுங்கள், இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏ.சி. பிளான்ட் மேற்பார்வையாளர்,
மேடவாக்கம், சென்னை.