பிள்ளையோடு பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள். பள்ளி மருத்துவப் பரிசோதனைக்கு முன்னால் பெற்றோர் பதில் எழுத வேண்டிய கேள்விகள் வந்தன. எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், என்ன சாப்பிடுகிறாள், திரை முன்னால் எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

எடை கூடிய மாணவர்களை இளைக்க வைக்க 1992ல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தொடங்கிய 'டாஃப்' (TAF) திட்டத்தில் நானும் ஒரு பிள்ளை. ஓய்வு நேரத்தில் தோழிகள் மீ கோரெங் சாப்பிட, நாங்கள் ஏழெட்டுப் பேர் திடல் ஓரத்தில் கயிறு தாண்டுவோம். வியர்வையில் கயிற்றின் பிடி வழுக்கும். திட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் திருப்பிப் படித்தால் FAT, அதாவது 'குண்டு' என்று வரும். பிள்ளைகள் அதைச் சொல்லியே கூப்பிடுவார்கள். அந்த ஆண்டு எனக்கு எடை குறைந்தது; உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் அத்தனையும் திரும்ப வந்துவிட்டது. வீட்டில் எதுவும் மாறவில்லையே!

2007ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். எடை கூடிய மாணவர்கள் 2017ல் 13 விழுக்காடு. 2021ல் 16 விழுக்காடு. இதைக் காட்டி, பழைய முறையே நல்லது என்று சிலர் சொல்லும்போது எனக்கு மனம் பதறுகிறது. அன்று எண்ணிக்கை குறைந்தது உண்மைதான். ஆனால் பிள்ளையைத் தனியே பிரித்து நிறுத்தி அதைச் செய்தோம்.

பிள்ளைகளின் உடல்நலத்துக்காக 2025 ஜனவரியில் அறிமுகமான 'குரோ வெல் எஸ்ஜி' திட்டத்தில் சுகாதார அமைச்சு, கல்வி அமைச்சு, சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு மூன்றும் கைகோத்திருக்கின்றன. உணவு, உறக்கம், உடற்பயிற்சி, திரைநேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை போக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் திரைநேரம் என்று தெளிவாகச் சொல்கிறார்கள். மனதார வரவேற்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்குச் சோறு போடுவது என் அம்மா. அரைத் தட்டு காயும் பழமும், கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ பருப்போ என்று தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அம்மா கவனமாகப் பார்த்துவிட்டு, "சரிம்மா, சாம்பாரு எந்தப் பக்கம்? இட்லி சாப்பிடுற அன்னிக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நெய்யைக் குறைக்கச் சொன்னால், பிள்ளை இளைத்துவிடும் என்று அவர் முகம் வாடிவிடுகிறது. எங்களையெல்லாம் அப்படித்தானே வளர்த்தார்!

பள்ளிக்கூடங்களைச் சேர்த்துக்கொண்டது போல, முதியவர்கள் கூடும் 'துடிப்பாக மூப்படையும் நிலையங்களையும்' இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓர் உணவியல் நிபுணர் அங்கே போய், தோசை, சாம்பார், ரசம், கூட்டு என்று நம் வீட்டுச் சாப்பாட்டையே தட்டில் வைத்து, தமிழிலேயே தாத்தா பாட்டிகளோடு பேசட்டும். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அப்படி ஒரு வகுப்பு நடந்தால், என் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். சாம்பார் கேள்வியை அவரே கேட்டுக்கொள்வார்.

- தாய் ஒருவர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்